பிராவோ இல்லை

அந்த எண்ணுள்ள வண்டி காலையிலிருந்து வீட்டு வாசலை விட்டு நகரவே இல்லை என்று வயர்லெஸ் மைக் சொன்னது.

கொடுத்த எண் தப்பு. ரோந்து வண்டிகள் அவரவர் வேலைக்குத் திரும்பலாம். கட்டுப்பாட்டு அறையின் குரல் அத்தோடு முடித்துக்கொண்டது.

காவலரான அவள் அப்போதுதான் கோர்ட் வேலை முடிந்து நிலையத்துக்குள் நுழைந்து, தொப்பியைக் கழற்றியிருந்தாள்.

எதிர் பெஞ்சில் அழகுராணி உட்கார்ந்திருந்தாள். வெங்காய மண்டியில் சுமை ஏற்றுகிறவள். தூங்கிப்போன மூன்று வயது மகளை, நிழலாக இருக்கிறதே என்று, மரத்தடியில் நின்றிருந்த குட்டியானைச் சரக்கு வண்டியின் பின்பக்கம் காலிச் சாக்குகள்மேல் கிடத்தியிருக்கிறாள். இரண்டு மூட்டை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது வண்டி புறப்பட்டுவிட்டது. ஓட்டியவனுக்குப் பின்னால் பிள்ளை இருப்பதே தெரியாது. இவள் கத்தியதும் அவன் காதில் விழவில்லை. வளைவுவரை ஓடி, எண்ணை மட்டும் கண்ணில் பிடித்துக்கொண்டு இங்கே வந்திருந்தாள்.

நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

மேலே மூடாத வண்டி. நாற்கரச் சாலை. பின்கதவு முழங்கால் உயரம்.



ஏட்டையா எழுதி வைத்திருந்த தாளை அவள் எடுத்துப் பார்த்தாள். டிஎன் ஐம்பத்தேழு. அடுத்து ஒரு ‘பி’. அப்புறம் நான்கு இலக்கம். எல்லாம் தமிழில்.

கண் அந்தப் ‘பி’யில் நின்றது.

தமிழில் எழுதினால் ஒரே பி. இரைச்சலுக்கு நடுவே மைக்கில் சொன்னாலும் ஒரே பி. ஆங்கிலத்தில் இரண்டு.

இதற்காகத்தான் ஒன்றுக்கு பிராவோ என்றும் இன்னொன்றுக்கு பாப்பா என்றும் பேர் வைத்திருக்கிறார்கள். இருபத்தாறு எழுத்துக்கும் இருபத்தாறு பேர். அவளுக்கு அத்தனையும் தலைகீழாக வரும். நிலையத்தில் அதை வைத்துக் கேலி செய்வார்கள். அவள் கண்டுகொண்டதில்லை.

நம்பரை யார் படித்துச் சொன்னது என்று அழகுராணியிடம் கேட்டாள். தான்தான் என்றாள் அவள். இலக்கமெல்லாம் தெரியும், இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியாது. ஜாடையாகக் காட்டியதைப் பார்த்து ஐயாதான் ‘பி’ என்று சொன்னார்.

“எழுதிக் காட்டுங்கக்கா.”

மேசைக் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. அழகுராணி விரலால் ஒரு கோடு இழுத்தாள். உச்சியில் ஒரு வளைவு. விரலை எடுத்துவிட்டாள்.

“கீழயும் ஒரு வயிறு இருந்துச்சா?”

“இல்ல தாயி. மேல மட்டுந்தான்.”

அவள் மைக்கை எடுத்தாள். ஏட்டையா பதறினார். டிஎஸ்பி ஐயாவே லைனில் இருக்கிறார், முடிந்துபோன விஷயம், யோசித்துப் பேசு என்றார்.

யோசிக்க ஒன்றும் இல்லை.

பட்டனை அழுத்தினாள். எண் தப்பில்லை, எழுத்துதான் மாறிப் போயிருக்கிறது என்றாள். ரோந்து வண்டிகள் கலைய வேண்டாம் என்றாள். பிராவோ இல்லை, பாப்பா. இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுபடியும் பாப்பா.

அழகுராணி எழுந்து நின்றுவிட்டாள்.

கிடைத்துவிட்டாளா என்று அந்த முகம் கேட்டது.

இல்லை அக்கா, அது எழுத்தோட பேர் என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது அந்த ஒரு இடத்தில்தான்.

டிஎஸ்பியின் குரல் வந்தது. பேசுவது யார் என்று கேட்டது. பெயரையும் காவலர் எண்ணையும் சொன்னாள்.

“உறுதியாத் தெரியுமா?”

“தெரியும் ஐயா. ஓவர்.”



பிறகு கட்டுப்பாட்டு அறை பாப்பா போட்டுத் தேடியது. குட்டியானைதான். உரிமையாளர் போனில் கிடைத்தார். வண்டி மதுரைக்குப் போகிறது. ஓட்டுகிறவன் போனை எடுக்கவில்லை.

சுங்கச்சாவடியிலிருந்து கிளம்பப் பார்த்த ரோந்து எஸ்ஐ ஜெயச்சீலன், ஜீப்பைத் திருப்பிச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார்.

அவள் அழகுராணிக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நிமிடம்.

ஜெயச்சீலன் மைக்கில் விறைப்பாகப் பேசுகிறவர். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசினார். வண்டியப் புடிச்சாச்சு என்றார். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. எப்போது முழித்ததோ தெரியவில்லை, முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க, நின்றுகொண்டே வந்திருக்கிறது. இப்போது ஜீப்பில் தன் மடியில்தான் இருக்கிறது. அம்மா அம்மா என்கிறது.

ஏட்டையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியாள் மைக்கைத் தொடக்கூடாது. அது அவளுக்கும் தெரியும். பட்டனை அழுத்தி, தாய் பேச அனுமதி வேண்டும் ஐயா என்று கேட்டாள். கெஞ்சவில்லை.

டிஎஸ்பியின் குரல் மறுபடி வந்தது.

“எல்லா ஸ்டேஷனும் ஒரு நிமிஷம் மைக்க விட்டு ஒதுங்கி இருங்க.”

மாவட்டம் முழுக்க அடங்கியது.

அவள் அழகுராணியின் கட்டைவிரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தாள்.

அழகுராணி மைக்கை உதட்டோடு சேர்த்துக்கொண்டாள்.  

“எந்திரிக்காதடி கண்ணு. ஐயா மடியில அப்படியே உக்காந்துக்க.”