நெட்டு எப்ப வரும்?

சவுதியில் யான்பு நகரத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் இருந்த அந்தக் கேம்பில் சிக்னலே கிடையாது. மகள் பிறந்து இரண்டு மாதமாகியும், கார்மேகம் அவள் முகத்தை வீடியோ காலில்கூடப் பார்க்கவில்லை.

"நெட்டு எப்பய்யா வரும்?" என்று ஃபோர்மேன் விஜயபாஸ்கரிடம் எகிறினான்.

"வாய மூடிக்கிட்டு வேலைய முடி. தானா வரும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை லீவையும் விட்டு உழைத்தான். ஒரு மாத வேலை இருபதே நாளில் முடிந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் நெட்டு வந்துரும். யல்லா, பெட்டியக் கட்டு!" என்றார் விஜயபாஸ்கர்.

"நெட்டு வர்ற நேரத்துல நான் எதுக்குய்யா போகணும்?"

அவர்கள் எழுப்பி முடித்திருந்த செல்போன் டவரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார் ஃபோர்மேன்.

"டவர் கட்டுறவனுக்குச் சிக்னல் இருக்குற எடத்துல என்னடா வேலை? வண்டி மத்தியானமே கெளம்புது."