காற்றுக் குமிழி

பால்கனிக் கொடியில் ஈரப் போர்வை சொட்டுகிறது. அதற்குப் பின்னால் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். மாலை வெயில் அவள் நிழலையும் ஃபோனின் நிழலையும் போர்வையில் விழச் செய்கிறது. வெளிநாட்டுத் தோழிக்கு இதுவரை எழுதித்தான் அனுப்பியிருக்கிறாள், எல்லாம் நான் திருத்திக் கொடுத்த ஆங்கிலம். இன்றுதான் முதன்முறையாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பப் பார்க்கிறாள். "அக்கா, காதை மூடிக்கோ. நீ கேட்டா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்." நான் கேட்காதவள் போலக் காய்ந்த காலுறைகளுக்கு ஜோடி தேடுகிறேன். வகுப்பில் வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்த கதையை ஆங்கிலத்தில் தொடங்குகிறாள். "டீச்சர் ஸெட், வெரி குட்" என்ற இடத்தில் குரல் நின்றுபோகிறது. அழிக்கிறாள். மறுபடி தொடங்கி, அதே இடத்தில் அழிக்கிறாள். மூன்றாவது முறையும் அழித்துவிட்டுப் போர்வையை விலக்கி எட்டிப் பார்க்கிறாள். "அக்கா, டீச்சர் அப்படிச் சொல்லவே இல்ல. நான் வரைஞ்சது வெங்காயத்தோட செல்லு இல்லையாம், காத்துக் குமிழியாம். நல்லா உருண்டையா இருக்கேன்னு அரை மணி நேரம் உக்காந்து ஷேடிங் வேற பண்ணேன்." "காலேஜ்ல நான் லென்ஸ்ல தெரிஞ்ச என் கண்ணிமை முடியையே வரைஞ்சேன்டி. அம்புக்குறி போட்டுப் பேரும் எழுதினேன்." போர்வை குலுங்குகிறது. நான்காவது முறை அவள் வார்த்தைக்குத் தடுமாறுகிறாள், இடறுகிறாள், குமிழி வரை வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறாள். சிரிப்பை அழிக்கவில்லை. அனுப்பிய ஓசை சின்னதாகக் கேட்கிறது. நிழல் ஃபோனை மடியில் வைத்துக்கொள்கிறது. "அக்கா, இப்போ காதைத் திறந்துக்கோ."