பதினேழாம் நம்பர் நாற்காலி

அந்த நாற்காலிக்கு அப்படி என்னதான் வியாதியோ, எனக்குப் புரியவே இல்லை.

பத்தாயிரம் பேர் உட்காரும் உள்ளரங்கம். ஒரு நாள் கூடைப்பந்து, மறுநாள் பாட்டு, அடுத்த நாள் குத்துச்சண்டை. எது நடந்தாலும் சரி, மறுநாள் காலையில் 'பதினேழாம் நாற்காலி பழுது' என்று சீட்டு வந்துவிடும். மெக்கானிக் நான் போய்ப் பார்த்தால், இரண்டு போல்ட்டையும் காணோம். புதுசாக மாட்டுவேன். அடுத்த நிகழ்ச்சி முடிந்ததும் மறுபடி அதே கதை.

"எவனோ வேணும்னே கழட்டுறான். ஆளைப் பிடி, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார் மேனேஜர்.

எனக்கும் ஆத்திரம்தான். ஒரே நாற்காலியோடு எத்தனை தடவை மல்லுக்கட்டுவது?

இன்றைக்குக் கதவு திறக்கும் முன்பே வந்து தூண் மறைவில் நின்றேன். வந்தது யார் தெரியுமா? டிக்கெட் பார்த்து சீட் காட்டுகிற அக்கா! சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

"அக்கா, நீங்களா? வேண்டப்பட்டவங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கிறீங்களா?"

அக்கா ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "யாரும் உக்கார மாட்டாங்கப்பா. டிக்கெட் எடுத்தவங்களுக்கு வேற நல்ல இடம் குடுத்துடுவேன்."

"அப்புறம் எதுக்கு இந்த வேலை?"

"ஆட்டம் ஆரம்பிச்சதும் இந்த நாற்காலிக்குப் பின்னாடி வந்து உக்காரு. அப்புறம் மேனேஜர்கிட்ட தாராளமா சொல்லிக்கோ."

அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று போனேன். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் அது. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பதினேழுக்கு நேர் பின்னால் என் டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

முதல் பந்து வளையத்தில் விழுந்ததுதான் தாமதம், முன்வரிசை மொத்தமும் 'ஓ'வென்று எழுந்து நின்றது. அட, வெறும் முதுகாகத்தான் தெரிகிறது! பதினேழாம் நம்பரில் மட்டும் ஒரு சின்னச் சந்து.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் பக்கத்துச் சக்கர நாற்காலியில் இருந்த சிறுமி. "இந்த ஒரு சந்துலதான் நாங்க எல்லாரும் மாத்தி மாத்திப் பாக்கறோம்."

இடைவேளையில் மேனேஜர் மடக்கினார். "என்னய்யா, ஆள் மாட்டினானா?"

தூரத்தில் அக்கா அசையாமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளெல்லாம் யாரும் இல்ல சார். அந்த வரிசையே சரியில்ல" என்றேன். "அடுத்த ஆட்டத்துக்குள்ள இன்னும் ஆறு நாற்காலி பழுதாயிடும், பாருங்க!"