கேட்காமல் வந்த பெண்

ஜாபிர் இன்றைக்கும் தட்டைத் தள்ளிவிட்டார்.

இடது கையால்தான். வலது கை பக்கவாதம் வந்ததிலிருந்து மடியில் சும்மா கிடக்கிறது. பேச்சும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் வாயைத் திறந்தால் 'பா... பா...' என்பதற்குமேல் எதுவும் வருவதில்லை. எழுத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சோறும் மீன் குழம்பும் மனைவி சாய்ராவின் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றன.

ராத்திரியில் எப்படியோ நாலு வாய் இறங்கிவிடுகிறது. பகலில் ஒரு பருக்கை கிடையாது. பாரை மீன் என்றால் சட்டியை வழித்துச் சாப்பிட்ட மனிதர், பாதி ஆளாகிவிட்டார். இப்படியே போனால் திங்கட்கிழமை மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் தம்பி நசீர் கட்டில் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். சிதம்பரத்தில் வேலை. மச்சானுக்காக லீவு போட்டுவிட்டு முதுநகருக்கு வந்திருந்தான்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் ஏஐ உதவியாளர் ஒன்று அவனிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது எழுத்தாக அல்லவா கொட்டுகிறது? அதனால், சொன்னதைப் படமாக வரைந்து தரும் இன்னொரு கருவியை அதோடு இணைத்துக்கொண்டிருந்தான். படம் வந்தால் மச்சான் விரலை வைத்துக் காட்டுவார், என்னதான் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இது சரி என்றால் அது முறுக்கிக்கொள்ளும். அது இறங்கி வந்தால் இது அனுமதி இல்லை என்னும். சாய்ரா வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

ஒருவழியாக முதல் படம் வந்தது. ஆவி பறக்கும் பிரியாணி.

ஜாபிர் இல்லை என்று தலையசைத்தார்.

இடியாப்பம். இல்லை. பண்ருட்டிப் பலாச்சுளை. அதற்கு லேசாகச் சிரித்தார், ஆனாலும் இல்லைதான்.

அலுத்துப்போய் நசீர், ஒருவர் பாயில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவதுபோல் ஒன்று போடு என்றான்.

போட்டது. பாயில் ஒருவர் நிம்மதியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண்ணும் உட்கார்ந்து வாயில் சோற்றை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒண்ணு, கேக்காததெல்லாம் போடுது. இரு லாத்தா, அந்தப் பொம்பளைய எடுத்துட்டு வேற போடச் சொல்றேன்."

ஜாபிர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி.

பிறகு விரலைத் திரைக்குக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் வாயில் வைத்தார். அதே விரலைச் சாய்ராவின் பக்கம் நீட்டினார். "பா" என்றார். தட்டை இன்னும் கொஞ்சம் அவளை நோக்கித் தள்ளினார்.

அப்போதுதான் சாய்ராவுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று தள்ளவில்லை. இத்தனை நாளும் இந்த மனிதர் அவளுக்குத் தந்துகொண்டிருந்திருக்கிறார்.

நசீருக்கு விளங்கவில்லை. "ஏன், நீ சாப்புடுறதில்லையா லாத்தா?"

அவர் பழையபடி எழுந்து நடக்கவேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டு, யாரிடமும் மூச்சு விடாமல், போன மாதத்திலிருந்து அவள் பகலெல்லாம் நோன்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். எதிரே படுத்திருந்தவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் முணுமுணுத்தது. கேட்காமலே ஒரு பெண்ணை உட்காரவைத்த அந்தக் கருவிக்கும் மனதுக்குள் ஒரு நன்றி சொன்னாள். அதற்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாய்ரா கையைக் கழுவிக்கொண்டு வந்து, மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து, முதல் வாயைத் தானே சாப்பிட்டாள்.

அவள் விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, ஜாபிர் வாயைத் திறந்தார்.