பத்துத் தட்டுக்குள்

காட்டு வைத்தியர் பரீட்சைக்கு ஆமை ஒன்று படித்துக்கொண்டிருந்தது. பழக்குவதற்காகக் கேள்வி கேட்பது மரங்கொத்தி. கேட்டதுமே மரத்தைத் தட்டத் தொடங்கும். பத்தாவது தட்டுக்குள் பதில் வந்தாக வேண்டும்.

“தட்டாதீங்க அண்ணே, படிச்சதெல்லாம் மறந்துபோகுது” என்றது ஆமை.

மரங்கொத்தி தட்டுவதை விட்டுவிட்டது. அதன்பிறகு ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நிதானமாக யோசித்தது. ஒரு பதில்கூடத் தப்பாகவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

பரீட்சைக்கு முந்தின நாள், ஓர் அணில் தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. “விஷக்காயைத் தின்னுட்டான்! என்ன மருந்துன்னு சொல்லுங்க!”

ஆமை படித்த கேள்விதான். வழக்கம்போலத் தலை உள்ளே போனது. ஓட்டுக்குள் இருந்தால் வெளியே எழும் சத்தம் எதுவும் கேட்காது. கறுப்பு வேரா, வெள்ளை வேரா என்று பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்மானித்த பிறகு தலை வெளியே வந்தது.

“வெள்ளை வேர்!”

சரியான பதில். அணில் தன் குட்டியின் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தது. குட்டி அசையவில்லை.

அணில் போன பிறகு ஆமை மரங்கொத்தியின் மரத்தடிக்கு ஊர்ந்து வந்தது.

“கேளுங்க அண்ணே” என்றது. “தட்டிக்கிட்டே கேளுங்க.”

முதல் தட்டுக்கே தலை உள்ளே போகப் பார்த்தது. ஆமை வலுக்கட்டாயமாகக் கழுத்தை வெளியிலேயே நீட்டி வைத்துக்கொண்டு யோசித்தது.