விருந்தாளி இறக்கிய கொடி

காரிலிருந்து இறங்கிய போலந்துக்காரர், கழுத்தில் மாலை விழுந்த கையோடு கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்.

ரெங்கசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்!

எண்பத்தெட்டாம் வருஷம். மலேசியாவில், கிள்ளான் நகரில் காப்பார் ரோட்டை ஒட்டி ரெங்கசாமியின் ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. அவருடைய அப்பா, வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினவர். அந்தப் பாலில் செய்த கையுறை இப்போது கடல் தாண்டிப் போலந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகப்போகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அந்த நாட்டு வாணிபக் குழுவின் தலைவர் நோவிட்ஸ்கியே நேரில் வந்திருக்கிறார். விடுவாரா ரெங்கசாமி? வாசலில் வாழைமரம் என்ன, நாதஸ்வரம் என்ன, கோயில் கமிட்டி மொத்தமும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அழகு என்ன!

எல்லாவற்றையும்விட அவருக்குப் பெருமை அந்த இரண்டு கொடிகள். மலேசியக் கொடியைக் கடையில் வாங்கிவிட்டார். போலந்துக் கொடிக்கு எங்கே போவது? வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டை என்று போனில் யாரோ சொன்னார்கள். அது போதாதா? மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பட்டுத்துணி எடுத்து வந்து, அவர் மனைவி தனலெட்சுமி வீட்டு மெஷினிலேயே தைத்துவிட்டாள்.

"சார், அவர்கிட்ட சொல்லுங்க சார்." வாணிப அமைச்சிலிருந்து கூட வந்திருந்த அதிகாரி கார்த்திகேசுவை ரெங்கசாமி அவசரப்படுத்தினார். "என் வைஃப் தன் கையால தைச்ச கொடி. குங்குமக் கலர் மேல இருந்தாத்தான் மங்களம்னு பாத்துப் பாத்துத் தைச்சா."

கார்த்திகேசுவின் முகம் ஏனோ வெளிறிப்போயிருந்தது. ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

நோவிட்ஸ்கி திரும்பிப் பார்த்தார். காஞ்சிப் பட்டில், முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள் தனலெட்சுமி. அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கார்த்திகேசுவின் காதில் என்னவோ முணுமுணுத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

கார்த்திகேசு தொண்டையைச் செருமினார்.

"வந்துண்ணே... அவங்க நாட்டுல ஒரு வழக்கம் இருக்காம். வெளிநாட்டுல அவங்க கொடிய அவங்க கையாலயே ஏத்தினாத்தான் தொழில் விருத்தியாகுமாம். அதனால இத எறக்கிட்டு, அவரே மறுபடி ஏத்துறேங்கிறாரு."

நாதஸ்வரம் பாதியில் நின்றது.

நோவிட்ஸ்கி கயிற்றை இழுத்துக் கொடியை இறக்கினார். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு முடிச்சுகளை அவிழ்த்தார், உதறினார், நிதானமாகத் திரும்பவும் கட்டினார். ஏற்றிவிட்டு விறைப்பாக நின்றார். கூட்டம் அவர் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தது. கொடியை யார் பார்த்தது?

"நம்ம கை பட்டது ஆகாதோ தொரைக்கு?" என்றார் கமிட்டித் தலைவர் ராதாகிருஷ்ணன், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "ரொம்ப ஓவர் லா!"

ரெங்கசாமிக்குக் காது மடல் சுட்டது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். தனலெட்சுமி பக்கத்தில் வந்து, "ஏங்க, தையல்ல ஏதும் கோணலா?" என்று கேட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

உள்ளே மேசைமேல் ஒப்பந்தம் தயாராக இருந்தது. நோவிட்ஸ்கி பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். ரெங்கசாமி உட்காரவில்லை. கார்த்திகேசுவைக் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அண்ணே! வெளயாடுறீங்களா? ரெண்டு நாட்டு விஷயம் இது."

"எந்த நாடா இருந்தா எனக்கென்ன? நாங்க கட்டுன கொடியவே நம்பாதவன், நாங்க செஞ்ச கையுறையை எப்படி நம்புவான்? எங்கப்பா தொரை பங்களா வாசல்ல செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நின்னவரு. நான் நிக்க மாட்டேன். ஆர்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவரைப் போவச் சொல்லுங்க."

"மெதுவாப் பேசுங்கண்ணே, கேட்டுறப் போவுது."

"கேக்கட்டும்! என் பொண்டாட்டி அழுவுறா சார் அங்க."

கார்த்திகேசு அவர் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"அந்தக் கொடியக் கொஞ்சம் பாருங்க."

ரெங்கசாமி அப்போதுதான் பார்த்தார். வெள்ளை மேலே இருந்தது, சிவப்பு கீழே இருந்தது.

"என்னா சார் இது? தலைகீழாக் கட்டி வச்சிருக்கான்!"

"அதான் போலந்துக் கொடி. காலையிலேர்ந்து நீங்க பறக்க விட்டிருந்தது இந்தோனேசியாக் கொடிண்ணே."

ரெங்கசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடியை மறுபடியும் பார்த்தார்.

"அப்ப... அவங்க நாட்டு வழக்கம்னு சொன்னது?"

"அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வேற ஒருத்தரா இருந்தா, நாட்டுக்கே அவமானம்னு அப்படியே கார்ல ஏறிப் போயிருப்பாரு. இவரு எங்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: 'தைச்ச அந்தம்மாவுக்குத் தெரியாம இத எப்படித் திருப்பிக் கட்டறது?'"