எந்தக் காலில் அடி?

வலது காலில் மாவுக்கட்டு இருந்தது. அடிபட்ட கால் வேண்டாம், நல்ல கால் வழியாகவே போய்விடலாம் என்று சொல்லிவிட்டு, டாக்டர் ஷிரின் பானு இசக்கித்துரை வாத்தியாரின் இடது தொடையில் மருந்து தடவத் தொடங்கினார்.

வாத்தியாருக்கு ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. இப்போது வேர்க்கவும் ஆரம்பித்தது.

தொடையில் சின்னதாக ஒரு துளை. அதில் குழாயை விட்டு, இதயத்தைத் தாண்டி, நுரையீரலை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுப்பார்கள். அசையாமல் கிடந்த காலில் உருவாகி மேலே ஏறிய கட்டி அது. காலில் மிச்சம் இருந்து, குழாய் அதையும் தள்ளிவிட்டால் ஆள் காலி.

எல்லாம் தேர்தல் டியூட்டியால் வந்த வினை. திருவேங்கடம் ஊர்ப் பக்கம் பூத் என்று உத்தரவு வந்த அன்றே வாத்தியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அதாவது, விழுந்ததாகச் சொன்னார். தெரிந்த கம்பவுண்டர் ஒருவர், கழற்றி மாட்ட வசதியாக ஒரு கட்டுப் போட்டுக் கொடுத்தார்.

தேர்தல் முடிந்தது, முடிவும் வந்தது. வாத்தியாருக்குத்தான் கட்டிலை விட்டு எழ மனசில்லை. கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த சங்கரன்கோவிலில், அவர் ஒற்றைக் காலை நீட்டிப் படுத்தே தவம் செய்தார்.

மனைவி சங்கரேஸ்வரி வேளாவேளைக்கு ஆட்டுக்கால் சூப் கொடுத்தாள். நடுவில் என்ன நினைத்தாளோ, சூப் நின்று பாகற்காய்ச் சாறு வந்தது. எலும்புக்கு அதுதான் நல்லதாம். குடலைப் பிடுங்கியது. நடிப்பென்று வந்த பிறகு குடிக்காமல் முடியுமா?

ஊசி தொடையை நெருங்கியது. மானமா உயிரா என்று யோசிக்கக்கூட மூச்சில்லை.

"டாக்டரம்மா, கட்டு முதல்ல இந்தக் கால்லதான் இருந்துச்சு. ஒருநா குளிக்கப் போனப்பம் கழத்துனேன், அவசரத்துல கால மாத்திப் போட்டுட்டேன். வீட்டுல மட்டும் சொல்லிராதீய."

ஷிரின் பானு சிரிக்கவில்லை. ஸ்கேன் கருவியை இடது தொடையில் வைத்துப் பார்த்தார். அங்கே இன்னொரு கட்டி புறப்படத் தயாராக இருந்தது. வலது தொடையிலும் வைத்துப் பார்த்தார், அங்கே கட்டி இல்லை; துளையை அந்தப் பக்கமே போட்டார்.

நுரையீரல் அடைப்பு நீங்கியதும் இழுத்த முதல் மூச்சு வாத்தியாருக்கு அவ்வளவு ருசித்தது. உயிரும் தப்பியது, மானமும் தப்பியது.

வார்டில் சங்கரேஸ்வரி காத்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, பச்சையாக ஒரு டம்ளர் ஊற்றினாள்.

"குடிங்க. இது ரெண்டு காலுக்கும் நல்லது."